மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச்

எங்கள் பக்கத்தில் நிச்சயதார்த்தத்துக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு மோதிரமும் வாட்சும் போடவேண்டும். மோதிரத்தை என் அண்ணன் அறிவுச்செல்வன் வாங்கிவிட்டான். வாட்சை நானும் மாப்பிள்ளையும் சேர்ந்து பார்க்கட்டும் என்று அவனுக்கு எப்படியோ பெரிய மனசு வந்தது. துணைக்கு அவனும் வந்தான்.

மாப்பிள்ளை அருளை அதற்கு முன் ஒரே தடவைதான் பார்த்திருந்தேன். மற்றதெல்லாம் போன் பேச்சு. மண்டபம், புடவை, சாப்பாடு, எதைக் கேட்டாலும் "உங்க இஷ்டங்க" என்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். வாய் திறக்காத ஆளோடு காலம் தள்ள என்னால் ஆகாது. இன்றைக்கும் இப்படியே இருந்தால், இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று வீட்டுக்குப் போனதும் அண்ணனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டியிருந்தேன்.

விழுப்புரம் கடையில் பழைய காலத்து மாடலில் ஒன்று இருந்தது. சின்னது. சந்தன நிற டயல், நொடிமுள்ளுக்கு மட்டும் கீழே தனியாக ஒரு குட்டி வட்டம். தினமும் சாவி கொடுக்கவேண்டும். அருள் கட்டிப் பார்த்தார், கழற்றிக் காதில் வைத்துக் கேட்டார், மறுபடி கட்டினார்.

"எப்பிடி இருக்குது?" என்றேன்.

"உங்க இஷ்டங்க."

இதே விலையில், அந்தக் காலத்துக் கார் ரேஸ்காரர்கள் கட்டிய மாதிரி பெரிதாக இன்னொன்று திண்டிவனம் கிளையில் இருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். விடுவேனா? மூன்று பேரும் பஸ் ஏறினோம்.

அது செம்பு நிறம், பேட்டரி. சாவி கொடுக்கிற வேலை இல்லை, மழையில் நனைந்தாலும் கவலை இல்லை. ஆனால் அருளின் ஒல்லிக் கையில் அது பாதி வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. போனில் எடுத்து வைத்திருந்த விழுப்புரத்து வாட்சின் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, முதலில் பார்த்ததுதான் அழகு. வேண்டுமென்றே, "இதையே பில் போடுங்க" என்றேன்.

அருள் மெதுவாக வாட்சைக் கழற்றினார். "உங்க..." என்று ஆரம்பித்தார்.

"இன்னா, என் இஷ்டமா? கட்டிக்கப்போறது நீங்களா நானா? இப்பிடியேதான் இருப்பீங்கன்னா சொல்லிடுங்க, நிச்சயத்த நிறுத்திடலாம்!"

கடையே திரும்பிப் பார்த்தது. அண்ணன் சுவர்க் கடிகாரங்களைப் பார்க்கப் போய்விட்டான்.

அருளுக்கு வியர்த்துவிட்டது. "எங்க அக்கா கல்யாணத்துல மாப்பிள்ள வீட்டுக்காரங்க வண்டி கேட்டாங்க. இன்ன கலரு, இன்ன மாடலுன்னு கேட்டுக் கேட்டு எங்கப்பாவ அழ வெச்சாங்க. பொண்ணு வீட்டுல இதுதான் வேணும்னு நீ வாயத் தொறக்கக் கூடாதுன்னு எங்கம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. அதாங்க" என்றார்.

கோபம் போன இடம் தெரியவில்லை. இவரைத்தான் மண்ணாந்தை என்று தோழிகளிடம் சொல்லிச் சிரித்தேன். வெட்கமாக இருந்தது.

"பொண்ணு வீடு கேக்கலங்க, வேணி கேக்கறேன். எது புடிச்சிருக்கு?"

"விழுப்புரத்துல பாத்தது" என்றார், யோசிக்காமல். "இது டிபன் பாக்ஸ கையில கட்டிக்கினு போற மாதிரி இருக்குது."

திரும்பும் பஸ்ஸில் அருள் நிறுத்தவே இல்லை. மண்டபத்தில் கச்சேரி வேண்டாம், காது அடைக்கும். பந்தியில் இத்தனை இனிப்பு எதற்கு? கடைசியில், நான் ஆசையாக எடுத்த நிச்சயப் புடவையின் கலர் எனக்கு எடுக்காது என்றார். விக்கிரவாண்டி தாண்டியும் எங்கள் சண்டை ஓயவில்லை.

முன் சீட்டில் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்த அண்ணன் திரும்பினான். "ஏம்மா, நிச்சயம் உண்டா இல்லியா?"

"நீ சும்மா இருண்ணா. நாங்க பேசிக்கினு இருக்கறோம் இல்ல?" என்றேன்.