மேல்நோக்கி உதிர்ந்த முடி

லிஃப்ட் மெக்கானிக்கின் தலைமுடி தரையில் உதிரவில்லை, மேல்நோக்கி உதிர்ந்தது. இருபத்தாறு வயதில் நெற்றியின் இரண்டு ஓரங்களிலும் தொடங்கி, பிறகு உச்சியில் ஒரு வட்டம் விட்டு, ஒவ்வொன்றாகக் கிளம்பிப்போய் அவன் அறையின் கூரையில் வேர்விட்டது. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதே ஓரம், இதே வட்டம்தான். ஆனால் அவர்கள் முடி ஒழுங்காகக் கீழே விழுந்து துடைப்பத்தோடு போயிருந்தது. அக்கா நாற்காலியில் ஏறி, கூரை முடிக்கு எண்ணெய் தேய்த்து, வாரி, வகிடும் எடுத்துவிட்டாள். சில வருடங்களில் அவன் தலை பளபளத்தது, கூரை செழித்தது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்து, ஒட்டடை இல்லாமல் வைத்திருக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார்.

அவன் காதலித்த பெண் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிப்பவள். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட அவளை, வழுக்கையை மறைத்த தொப்பியோடு மீட்டவன், தொப்பியோடே பழகி, தொப்பியோடே கல்யாணம் வரை பேசிவிட்டான். பதிவுக்கு அடுத்த வருடம் நாள் குறித்த பிறகுதான் தொப்பியின் ஞாபகம் வந்தது. வழுக்கையைப் பார்த்தால் விட்டுப் போய்விடுவாள் என்று முடிவே கட்டிவிட்டான்.

முடி நடும் டாக்டர் அவன் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னாடி இருக்கற முடி ஹார்மோனுக்குப் பயந்துடும். பின்னந்தலை முடிக்கு அந்த பயம் இல்ல, எடுத்து நட்டா நிக்கும். ஆனா உங்ககிட்ட இருக்கறது நெத்தி ஓரத்துக்குத்தான் பத்தும்."

"வீட்டுக் கூரையில நிறைய இருக்கு டாக்டர்."

"உங்களோடதா?"

"என்னோடதேதான்."

"அப்ப உடம்பு ஏத்துக்கும். ஆனா அதே பயந்த முடிதானே, மறுபடியும் கிளம்பிடும்."

"கிளம்பாத மாதிரி அழுத்தி நடுங்க டாக்டர்!" என்றாள் அக்கா. "கல்யாணம் வரைக்கும் நின்னா போதும். பயலுக்கு ராத்தூக்கமே போச்சு!"

டாக்டர் ஏணியோடு வந்து, கூரையிலிருந்து வேர் வேராக எடுத்து, அக்கா கேட்டபடி அழுத்தியே நட்டார். முதல் மாதம் நட்டது எல்லாம் உதிர்ந்தபோது அவன் அழுதான். அது வழக்கம்தான், வேர் உள்ளேதான் இருக்கிறது என்றார் டாக்டர். நாலாவது மாதம் கருகருவென்று முளைத்தது. அக்கா தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். அக்கம்பக்கத்தார் முறை வைத்து வந்து கோதிப் பார்த்தார்கள். அவன் கண்ணாடி முன்னாலேயே குடியிருந்தான்.

எட்டாவது மாதம் முடி கிளம்பப் பார்த்தது. வேர் பிடியை விடவில்லை. ஆகவே மெக்கானிக்கும் சேர்ந்து மேலே கிளம்பினான். வேலையிடத்தில் சூப்பர்வைசர் இனி ஏணி வேண்டாம் என்று குஷியானார். கண்ணாடிக் கடைப் பெண்ணிடம் மட்டும் எதையும் மறைக்க முடியவில்லை. கடைக்குள் நுழைந்ததும் தொப்பி கழன்று விழ, கூரையை முட்டிக்கொண்டே வழுக்கை முதல் எல்லாவற்றையும் சொல்லிக் கொட்டிவிட்டான்.

அவள் நாற்காலியைத் தள்ளிக் கொண்டுவந்தாள். "இவ்வளவுதானா? வேற யாரையாவது பாத்துட்டியோன்னு நான் பயந்துட்டிருந்தேன். லூசு. காலை நீட்டு, ஷூவைப் பிடிச்சுக்கறேன்."

பதிவு அலுவலகத்தில் அதிகாரி முதலில் ஃபேனை நிறுத்தச் சொன்னார், பிறகு கையெழுத்து வாங்கினார். அன்று முதல் அவள் கையைப் பிடித்தபடி நடக்க, அவன் ஓரடி உயரத்தில் கூடவே வந்தான். எதிரே வந்தவர்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வகிட்டை இடது பக்கம் எடுத்தால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று மட்டும் சொன்னார்கள்.