தாணு பார்த்துவந்த மேடு

செக் நாட்டின் ப்ரனோ நகரில் சாயங்காலம் ஆறு மணிக்குள் யாரும் எட்டிப் பார்க்காத பழைய இடம் மறுநாள் காலையில் இருக்காது. அதனால் மாநகராட்சி பார்ப்பதற்கென்றே ஆள் வைத்திருக்கிறது. சங்கரன்கோவில் சிதம்பரதாணுவுக்கு இரண்டு வருஷமாக அந்த வேலைதான். கதவில்லாத கோட்டை வாசல், மண்ணுக்கடியில் தண்ணீர்த் தொட்டி, மூக்குடைந்த துறவி சிலை என்று அவர் பங்குக்கு ஏழு இடங்கள். ஒவ்வொன்றையும் ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஏழாவது, திராட்சைத் தோட்டத்துக்குப் பின்னால் ஒரு மேடு. மரப்பெஞ்சில் உட்கார்ந்தால் சிவப்பு ஓட்டுக் கூரைகளும் இரண்டு ஆறுகளும் தெரியும். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஊரில் அவர் மனசு ஒட்டியது அந்த ஒரு காட்சியோடுதான்.

இன்னொரு விதியும் உண்டு. ஒரே நாளில் நாற்பது பேர் பார்த்துவிட்டால் அந்த இடம் பிரபலமாகிவிடும். பெயர்த்தெடுத்து ஊர் நடுவே டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள்.

ஆனி மாதம் ஊரிலிருந்து மனைவி ஆவுடை வந்தாள். அவளுக்கு மேட்டைக் காட்டாமலிருக்கத் தாணுவுக்கு மனசு வரவில்லை. அவளும் நம்மூர் மனுஷிதானே, உட்காரும் முன்பே படமெடுத்துப் பங்காளிகள் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். நாற்பத்து மூன்று பேர் பார்த்தார்கள்.

மறுநாள் மேட்டில் பெஞ்சு மட்டும் இருந்தது. எதிரே ஒன்றுமில்லை. காட்சி, ஐஸ்கிரீம் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே நெரிசலில் நின்றது.

"இந்த ஊர்ல எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான்," என்றார் தாணு.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா," என்றாள் ஆவுடை.

அலுவலகத்தில் வ்லஸ்தா என்ற அதிகாரி பட்டியலைத் திருப்பினார். ஏழாவது இடம் காலியாக இருக்கக் கூடாது. ஊரிலேயே மிகக் குறைவாகப் பார்க்கப்பட்ட ஒன்றை அதில் சேர்க்க வேண்டும். தேடியதில் தாணுவின் பெயரே வந்தது. இரண்டு வருஷத்தில் அவரை யாரும் பார்த்ததாகப் பதிவில்லை.

"அப்போ பார்க்கறது யாரு?"

"உங்க வேலையை உங்க மனைவி பேருக்கு மாத்தியாச்சு," என்றார் வ்லஸ்தா.

மறுநாள் காலை ஆட்கள் வீட்டுக்கு வந்து, தாணு உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுற்றி இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கிராதி அடித்துவிட்டுப் போனார்கள். ஆவுடை அதில் ஈரத்துண்டைக் காயப்போட்டாள். பிறகு எதிரே உட்கார்ந்து அவரைப் பார்த்தாள். ஐந்து நிமிஷம் முடிந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.

போன் அடித்தது. கொழுந்தன் வேலாண்டி.

"மைனி, அண்ணன் படம் ஒண்ணு குழுவுல போடுங்க. பாத்து எவ்வளவு நாளாச்சு."

"அவுகள்ட்ட பாக்கதுக்கு என்ன இருக்கு," என்று சொல்லி, ஆவுடை போனை அணைத்து அரிசி டப்பாவுக்குள் போட்டாள். பிறகு தாணுவைக் கொஞ்சம் இடப்பக்கமாகத் திரும்பி உட்காரச் சொன்னாள்.