இருக்காரா?

என் வீட்டுக்காரருக்கு மூளை அதிகம். வினையே அதில்தான்.

இரண்டு நாட்டில் வேலை அவருக்கு. மாதத்தில் பாதி அங்கே, நண்பரின் அறையில். மீதிப் பாதி இங்கே, என் உயிரை வாங்கிக்கொண்டு.

"எந்த நாட்டுல குடியிருக்கீங்களோ அங்கதான் முழு வரி. பாதிப் பாதின்னா வீடு எங்க, குடும்பம் எங்கன்னு பார்ப்பாங்க. ஏதோ ஒரு இடத்துல இருக்கறதா ஒத்துக்கணும் சார்" என்று ஆடிட்டர் படித்துப் படித்துச் சொன்னார். இவர் கேட்டால்தானே!

"ரெண்டுலயும் இல்லைன்னு சொல்லிட்டா?"

"அப்புறம் எங்கதான் இருப்பீங்க?" ஆடிட்டர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு காலையில் வரி அலுவலகத்து அதிகாரி வந்து நின்றார். இவர் உள்ளறையில் முகம் நிறைய நுரையோடு சவரம் செய்துகொண்டிருந்தார். 'இல்லைன்னு சொல்லு' என்று உதட்டை மட்டும் அசைத்தார். அந்த நாட்டு நண்பருக்கும் இதே பாடம்தான்.

"சார் இருக்காரா?"

"இல்லைங்க. அவர் இங்க இருக்கறதே இல்லை."

அதிகாரி போனதும் கதவைச் சாத்தினேன். "வாங்க வெளியே, ஹரிச்சந்திரரே!" என்றேன். உள்ளே போய்ப் பார்த்தேன். வாளியில் தண்ணீர், அதன் விளிம்பில் நுரை காயாத ரேசர். ஜன்னலில் கம்பி இருந்தது. வெளியே போக என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். விளையாடுகிறாராக்கும் என்று கட்டிலுக்கடியில் குனிந்து திட்டினேன். அங்கேயும் இல்லை.

நண்பருக்குப் போன் செய்தேன்.

"இங்க வரலையே அண்ணி. காலையில ஆபீசருங்க வந்து கேட்டாங்க. சொல்லிக் கொடுத்தபடி நானும் இல்லைன்னுட்டேன்."

போலீஸ் தேடியது. உறவெல்லாம் வந்து துக்கம் விசாரிப்பதுபோல் உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். வரியாவது மண்ணாவது, மனுஷன் வந்தால் போதும் என்று கிடந்தேன். கடைசியில் நண்பரைக் கூப்பிட்டு, "இனி யார் கேட்டாலும் இருக்கார்னு சொல்லுங்க" என்றேன். ஆத்திரக்காரி, ஒரு கணம் யோசித்திருக்கக் கூடாதா?

அதே அதிகாரி மறுபடி வந்தார். "சார் இருக்காரா?"

"இருக்காருங்க! இங்கதான் குடியிருக்காரு!" கத்தியேவிட்டேன்.

அவர் எழுதிக்கொண்டார். உள்ளறையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். அதிகாரி எட்டிப் பார்த்து, "வணக்கம் சார், ஷேவ் பண்ணுங்க" என்றுவிட்டுப் போனார். அப்பாடா, வந்துவிட்டார்! அழுதுகொண்டே உள்ளே ஓடப் பார்த்தேன். போன் அடித்தது. நண்பரின் நம்பர்.

"நான்தாம்மா பேசறேன்." இவர் குரல். "எங்க இருந்தேன்னே தெரியல. இவன் யார்கிட்டயோ 'இருக்கார்'னு சொன்னான், கண்ணைத் திறந்தா இங்க நிக்கறேன். முகத்துல நுரைகூடக் காயல."

உள்ளறையில் ரேசர் அலசும் சத்தம் நின்றது.

"யாரும்மா போன்ல?" அங்கேயும் இவர் குரல்தான். "அங்க யாரும் இல்லைன்னு சொல்லு."

போனில் இருந்தவருக்கும் அது கேட்டுவிட்டது. "உள்ள யாரு அது? அங்க யாரும் இல்லைன்னு சொல்லும்மா, சீக்கிரம்!"

இல்லை என்று நான் சொல்கிறவர் போய்விடுவார். இவர்களில் என் புருஷன் யார்? போனைக் காதிலிருந்து எடுக்காமல் மறுகையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டேன். உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது.