இடக்காதும் வலக்காதும்

தூங்குகிற குழந்தையைத் தோளிலிருந்து கட்டிலுக்கு மாற்றுவதில் அப்பன்மார் இரண்டு வகை. மாற்றத் தெரிந்தவர்கள், மாற்றத் தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள். பேக்கரிக்காரன் இரண்டாவது வகை. முதுகு மெத்தையில் பட்டதும் மகள் கண்ணைத் திறந்துவிடுவாள். திறந்தால் வீடு இரண்டுபடும். அவளுக்கு இரண்டரை வயது. முறையாக வைத்த பெயர் ஒன்று இருக்கிறது, ஆனால் வீட்டில் அவள் வாலுதான். அதனால் அன்று மதியம் அவளைத் தோளில் போட்டுத் தட்டித் தூங்கவைத்தவன், ஜன்னலோர நாற்காலியில் அப்படியே பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்துவிட்டான். வெளியே தூறிக்கொண்டிருந்தது. குளிருமே என்று மனைவியின் கம்பளிச் சால்வையையும் எடுத்துக் குழந்தைமேல் சுற்றியிருந்தான்.

மனைவி பஸ் ஓட்டுகிறவள். பிள்ளைப்பேற்றுக்காக விட்ட ஸ்டியரிங்கை அன்று காலையில்தான் மறுபடி பிடிக்கப் போயிருந்தாள். இவன் விடியுமுன்னே பேக்கரிக்குப் போய், ரொட்டியெல்லாம் வெந்து கடைக்குப் போனதும் வீடு திரும்பிவிடுவான். அதன்பிறகு வாலு இவன் பொறுப்பு என்று ஏற்பாடு. டிப்போ சூப்பர்வைசருக்கு இந்த ஏற்பாட்டில் துளி நம்பிக்கை கிடையாது. "கைக்குழந்தைக்காரி பாதியில விட்டுட்டு ஓடினா, ரூட்டை வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் இவனிடம் சொன்னது இன்னும் காதில் இருந்தது.

"ஒடம்பு சரியில்லேன்னா ஒடனே சொல்லணும். நான் பயப்படுவேன்னு மறைச்சீங்க, அப்புறம் ஒங்கள நம்பி விட்டுட்டுப் போகவே மாட்டேன். ஒண்ணுமில்லாததுக்குக் கூப்பிட்டு என் வயித்துல புளியக் கரைச்சாலும் அதே கதிதான்."

ஆக, மறைக்கவும் கூடாது, பதறவும் கூடாது. சொல்வது சுலபம்!

வாலு விழித்தபோதுதான் வினை தொடங்கியது. வழக்கமாக எழுந்த கையோடு நாற்காலியை உருட்ட ஆரம்பிக்கிறவள், இன்று சிணுங்கிக்கொண்டு மடியிலேயே கிடந்தாள். கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. இவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. பல வருஷமாக அடுப்பிலிருந்து தட்டுகளை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை அது. கொதிக்கும் டீ டம்ளரையே வெறுங்கையால் பிடிப்பான். "ஒங்க கைக்குச் சூடு சொரணையே கெடையாது" என்பது மனைவியின் நிரந்தரக் கிண்டல்.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்து சேர்ந்தான். மனைவியின் தம்பி, போன் ரிப்பேர் கடையில் வேலை, மாடி அறையில் ஜாகை. எல்லா விஷயத்திலும் அவனுக்கு ஒரு கருத்து இருக்கும், கேட்காமலே கிடைக்கும். பிரிட்ஜைத் திறந்து சோடா பாட்டிலை எடுத்து ஒரு மடக்குக் குடித்துவிட்டு, அந்தக் கையாலேயே வாலுவின் கழுத்தைத் தொட்டான்.

"அத்தான்! நெருப்பா கொதிக்குது!"

"பாட்டிலைப் புடிச்ச கைடா அது. ஐஸ் மாதிரி இருக்கு. அதுக்கு எதைத் தொட்டாலும் கொதிக்கும்."

"ஒங்க கைக்கு எதுவுமே கொதிக்காது. ரெண்டுல எது மேல்?"

பேக்கரிக்காரன் அலமாரியிலிருந்து காதில் வைத்துப் பார்க்கிற தெர்மாமீட்டரை எடுத்தான். வாலுவின் இடக்காதை மனைவி செய்வதுபோல் மெல்ல மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, முனையை உள்ளே பொருத்தி, பித்தானை அழுத்தினான். பீப் என்றது. நூறு புள்ளி ஆறு.

காய்ச்சலேதான். மச்சான் அதற்குள் போனைக் கையில் எடுத்துவிட்டான்.

"அக்காவக் கூப்பிடறேன்."

"வையிடா கீழே!"

"மறைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தானே போனா?"

"மறைக்கப் போறதா யாருடா சொன்னது? ஒரு நிமிஷம் இரு."

பேக்கரியில் அவன் ஒரு ரொட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு முழுத் தட்டும் வெந்துவிட்டது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அடுப்பின் பின்சுவர் ஓரத்தில் எப்போதும் சூடு கூடுதல். அந்தப் பக்கத்து ரொட்டி முந்திக்கொண்டு சிவந்து ஆளை ஏமாற்றும். எதிர்ப்பக்கத்திலும் ஒன்றை எடுத்துப் பார்த்தால்தான் மனசு ஆறும். அந்தப் பழக்கம்தான் இப்போதும் கையை நகர்த்தியது. வாலுவை மறுபக்கம் திருப்பி வலக்காதில் வைத்தான். தொண்ணூற்றெட்டு புள்ளி ஒன்பது.

"மெஷின் அவுட்டு" என்றான் மச்சான் உடனே. "ரெண்டையும் கூட்டி ரெண்டால வகுங்க."

"ஒன் மூளையக் கூட்டி ரெண்டால வகு. ஒரே பிள்ளைக்கு எப்படிடா ஒரு காதுல காய்ச்சல், ஒரு காதுல சொகம்?"

கேட்டுவிட்டு அவனே குழந்தையைப் பார்த்தான். இடக்காது செக்கச்செவேல் என்றிருந்தது. மடலில் சட்டை மடிப்பின் தடம் அப்படியே பதிந்திருந்தது. அவனுடைய தோள் சட்டை வேர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. தூங்கிய நேரம் முழுவதும் அந்தக் காதை இவன் தோளில் அழுத்திக்கொண்டுதான் கிடந்திருக்கிறாள், போதாததற்குக் கம்பளி வேறு. குழந்தையை ரொட்டி மாவு மாதிரி மூடிப் பொங்கவைத்துவிட்டு நானே சூடு பார்க்கிறேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஆனாலும் அதை வைத்துக் காய்ச்சல் இல்லை என்று சொல்லிவிட முடியுமா? வலக்காது பொய் சொல்லாது என்று யார் கண்டது?

சால்வையை உருவிப் போட்டான். மெல்லிய சட்டை ஒன்றை மாட்டி, தரையில் அவளை உட்கார வைத்தான். "சும்மா உக்காரட்டும். ஆறின பிறகு மறுபடி பாப்போம். அதுவரைக்கும் சூடா எதுவும் குடுக்காதே. ஓடவும் விடாதே."

"வாலுவ ஓடாம உக்கார வைக்கிறதா? ஒங்களுக்குத்தான் காய்ச்சல், அத்தான்."

போன் அடித்தது. மனைவி! டிப்போவில் மதிய இடைவேளை.

"ஏங்க, எப்படி இருக்கா?"

நல்லா இருக்கா என்ற வார்த்தை பேக்கரிக்காரனின் நுனிநாக்கில் வந்து நின்றது. சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பாள். மச்சான் வேறு, சொல்லிடுங்க, சொல்லிடுங்க என்று சைகை காட்டினான். எதைச் சொல்லச் சொன்னான் என்பது அவனுக்கே வெளிச்சம்.

"எந்திரிச்சதும் கொஞ்சம் சிணுங்கினா. காதுல வச்சுப் பாத்தேன். ஒரு காதுல நூறு புள்ளி ஆறு, இன்னொரு காதுல தொண்ணூத்தெட்டு புள்ளி ஒம்பது. நூறு காட்டின காதை என் தோள்ல வச்சு அழுத்திக்கிட்டுத் தூங்கினா. அதனால இருக்கலாம். ஆற வச்சு மறுபடி பாக்கப் போறேன். காய்ச்சலா இல்லையான்னு இன்னும் தெரியல."

அந்தப் பக்கம் ஏதோ வண்டி உறுமியது.

"சூப்பர்வைசர் பக்கத்துல நிக்கறாரு" என்றாள் அடங்கிய குரலில். "ஆள் மாத்தணுமான்னு கேக்கறாரு. தண்ணி குடிச்சாளா?"

"குடிச்சா. பிஸ்கட்டும் கேக்கறா."

"சரி" என்றவள் போனை வைத்துவிட்டாள்.

என்ன சரி? வருகிறேன் என்ற சரியா, இருக்கிறேன் என்ற சரியா? வண்டியை எடுத்துவிட்டால் இனி அவளைப் போனில் பிடிக்கவும் முடியாது. அவசரப்பட்டு உளறிவிட்டோமோ? பிள்ளைக்கு ஒன்றுமில்லாமல் இருந்து, அவள் ரூட்டும் போய்விட்டால் அந்தப் பழியை எங்கே கொண்டுபோய்க் கரைப்பது?

வாலு பிஸ்கட்டைத் தின்றாள், மச்சானின் செருப்பை ஒளித்து வைத்தாள், சோடா மூடியைத் தன் மூக்கில் மாட்டிக்கொண்டாள். பக்கெட் தண்ணீரில் கைவிடப் போனவளைப் பிடித்திழுப்பதே மச்சானுக்கு முழுநேர வேலையாகிவிட்டது. நன்றாக ஆறியாகிவிட்டது என்று தோன்றியபின் பேக்கரிக்காரன் மறுபடி காதைப் பிடித்தான். இடது, தொண்ணூற்றெட்டு புள்ளி ஏழு. வலது, தொண்ணூற்றெட்டு புள்ளி ஆறு. நம்பாமல் இன்னொரு தடவை பார்த்தான். அதே கதைதான். முகத்தில் சிவப்பும் இறங்கியிருந்தது. அவன் விட்ட பெருமூச்சில் மச்சானே சிரித்துவிட்டான்.

தெருமுனை நிறுத்தத்தில் அவளுடைய பஸ் வரும் நேரம். தூறலும் விட்டிருந்தது. வாலுவை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவன் கிளம்பினான். ஓட்டுகிற இருக்கையில் வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே நடந்தான்.

பஸ் வந்து நின்றது. முன்கதவு திறந்தது. இருக்கையில் அவளேதான்! தலையைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு, அந்தப் பெரிய ஸ்டியரிங்குக்குப் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். "அம்மா! பீம் பீம்!" என்று வாலு இடுப்பில் குதித்தாள்.

"எவ்ளோ?" என்றாள் அவள்.

"தொண்ணூத்தெட்டு புள்ளி ஆறு, ஏழுதான். ரெண்டு காதும் இப்ப ஒத்துமையாயிடுச்சு. நீ ஓடி வந்துடுவேன்னு நெனச்சேன்."

"இந்த மாசம் பூரா இதே ரூட்டு எனக்குத்தான். சூப்பர்வைசர்கிட்ட சரின்னு சொல்லிட்டேன்."

"எப்போ?"

பின்னாலிருந்து யாரோ, "வண்டி எடும்மா, குடும்பத்த வீட்ல போய் நடத்திக்கலாம்" என்று குரல் கொடுத்தார்கள். அவள் கியரைப் போட்டாள்.

"மறைக்காம, பதறாம, இன்னும் தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே" என்றாள். கதவு மூடிக்கொண்டது.