சூறாவளி சிஸ்டரின் முதல் வகுப்பு

அறுவைச் சிகிச்சை வார்டில் எல்லோரும் அவளைச் சூறாவளி சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்தக் கோடியில் குரல் கேட்கும். திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தக் கோடியில் ஊசி போட்டுக்கொண்டிருப்பாள். அப்படிப்பட்டவள் அன்று காலை நர்சிங் கல்லூரி வாசலில் கால் எழாமல் நின்றாள். முதல் முறையாகப் பாடம் நடத்தப் போகிறாள்.

எல்லாம் அவள் வாய் செய்த வேலை. சில மாதங்களுக்கு முன் சுகாதாரத் துறையின் துணைச் செயலாளரான அம்மா ஒருவர் ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். காலியாகக் கிடந்த கட்டில்களைப் பார்த்து, "ஏன் இங்க நோயாளிகளைச் சேர்க்கல?" என்று கேட்டார்.

"பார்த்துக்க நர்ஸ் இல்லம்மா," என்றாள் இவள்.

"பக்கத்துலயே காலேஜ் இருக்கே?"

"சேர வர்ற பிள்ளைங்களைத் திருப்பி அனுப்புறாங்கம்மா. சொல்லிக்கொடுக்க ஆள் இல்ல."

"நீங்க போகலாமே?"

"போனா இந்த வேலையை விடணும், சம்பளம் குறையும், சர்வீஸும் போயிடும். யாரு போவாங்க? ஒரு கால் இங்க, ஒரு கால் அங்கன்னு வைங்க, நாளைக்கே நான் ரெடி!"

பட்டென்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அந்த அம்மா கோபிக்கவில்லை. போய் நிதித் துறையோடு மல்லுக்கட்டி அதையே விதியாக்கிவிட்டார்: அனுபவமுள்ள நர்சுகள் பாதி வாரம் வார்டில், பாதி வாரம் கல்லூரியில், சம்பளமும் பதவி உயர்வும் அப்படியே, மேற்படிப்பு அரசு செலவில். சேதி வந்த அன்று மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டே அவள் ஒரு சுற்று ஆடியதை வார்டே பார்த்தது.

முதல் பாடம், படுக்கையில் கிடப்பவரைப் புரட்டி விரிப்பு மாற்றுவது. கல்லூரியின் பயிற்சிப் பொம்மையோ கை கழன்று பழுதுபார்க்கப் போயிருந்தது. பஸ் ஓட்டுநரான அவள் கணவருக்கு அன்று ஓய்வு நாள்.

"ஏங்க, கொஞ்ச நேரம் சும்மா படுத்திருக்க முடியுமா?"

"எனக்கு நல்லா வர்றதே அது ஒண்ணுதான்!"

வகுப்பில் கட்டில்மேல் கணவர், சுற்றி ஜன்னல் திண்டு வரை பிள்ளைகள். அவள் வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது. அதற்குள் முன்வரிசைப் பெண் ஒருத்தி ஆர்வக்கோளாறில் ஓட்டுநரின் விலாவில் கையை வைத்துவிட்டாள்.

"ஐயோ! கூசுது, கூசுது!" தரையில் விழுந்த மீன் மாதிரி அவர் துள்ளினார். தலையணை ஒரு பக்கம், விரிப்பு ஒரு பக்கம். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து முடித்தபோது பயம் போன இடம் தெரியவில்லை.

"பாத்தீங்களா? சொல்லாம தொட்டா யாருக்கும் தூக்கிவாரிப் போடும். வலியில கிடக்குறவருக்கு எப்படி இருக்கும்? முதல்ல சொல்லுங்க, அப்புறம் தொடுங்க."

பிள்ளைகள் சொல்லிவிட்டுத் தொட்டார்கள். ஓட்டுநர் பூ மாதிரி புரண்டார். அந்நேரம் பார்த்துத் துணைச் செயலாளர் அம்மாவைக் கல்லூரி முதல்வர் உள்ளே அழைத்து வந்தார். கட்டிலில் கிடந்தவரைப் பார்த்த அம்மா நிஜ நோயாளி என்றே நினைத்துவிட்டார்.

"எவ்வளவு நாளா இப்படிப் படுத்திருக்கீங்க?"

"கல்யாணம் ஆனதுலேர்ந்தும்மா. லீவு நாள்ல மட்டும்."

அம்மா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி நழுவியது. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, "நானும் ஒரு பக்கம் பிடிக்கட்டுமா?" என்று கட்டிலருகே வந்தார். பிடித்தார், முதல் தடவை ஓட்டுநர் முக்கால்வாசி கீழே தொங்கினார். இரண்டாம் தடவை கைதட்டல்.

"விதி வேலை செய்யுது போல," என்றார் மூச்சு வாங்க. "ஆனா நீங்க ஒருத்தர் போதாதே. வார்டுலேர்ந்து இன்னும் யாராவது வருவாங்களா?"

பதில் கதவுப் பக்கமிருந்து வந்தது. இடைவேளையில் வேடிக்கை பார்க்க வந்திருந்த வார்டு நர்சுகள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு, "நான் வர்றேன்! குழந்தை நலப் பாடம் எனக்கு!" "ஏய், அதை நான் எப்பவோ சொல்லி வச்சிருக்கேன்டி!" என்று கத்தினார்கள். முதல்வர் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் விழித்தார்.

சூறாவளி சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சிரிப்பும் கண்ணீருமாக முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எந்திரிக்கலாமா?" என்றார் கணவர் மெதுவாக.

"படுங்க, படுங்க. அடுத்த வகுப்புப் பிள்ளைங்க வந்துட்டாங்க."