அடுத்த படியின் உயரம்

மேற்கே ஆந்திர எல்லைக் குன்றுகளின் பின்னே கதிரவன் சாய, தணிகை மலையின் முந்நூற்று அறுபத்தைந்து படிகளும் பகலெல்லாம் உண்ட வெயிலை மெல்ல உமிழ, மழித்துச் சந்தனம் பூசிய தலைகள் பொற்குடங்கள்போல் வரிசையாய் இறங்கிவரும் அந்திப் பொழுதில், அடிவாரத்து மாலை வகுப்பின் வாயிலில் நின்று ஹேமாவதி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் என்றால், அறிவு சான்றீர், அதற்குத் தக்க காரணம் இருந்தது.

பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் குடும்பத்துப் பெண் அவள். மாலைதோறும் பேருந்தேறி வந்து ஆங்கிலம் கற்பவள். கற்றதையும் ஐயுற்றதையும் நாள் தவறாது நாட்குறிப்பில் எழுதுபவள். வகுப்பின் பத்தாம் ஆண்டு நிறைவுக்கென வாயிலில் பதித்த கல்லில், 'ஏறுகிறவனுக்கு மலையின் உயரம் அடுத்த படியின் உயரமே' எனப் பொருள்படும் ஆங்கில வாசகம் செதுக்கப்பட்டிருந்தது. அதனைச் சொன்ன அறிஞரின் பெயரைக் கண்டு வரும்படி ஆசிரியர் துளசிங்கம் அவளைப் பணித்து ஆறு நாள் ஆயிற்று. இன்று அவள் சொல்லாவிடில், தாமறிந்த பெரும்பெயர் ஒன்றைப் பொறிக்கச் சொல்லிவிடுவார். சிற்பியும் உளியோடு காத்திருந்தார்.

ஆசிரியர் அதனை அச்சகத்துத் தணிகைமணியின் நாட்காட்டியில் கண்டாராம். தணிகைமணி, பிரபாவதியின் பூக்கடைப் பலகையில் கண்டாராம். பிரபாவதியோ ஆட்டோ எனும் தானி ஒன்றின் முதுகில் கண்டாளாம். கேட்டவரெல்லாம் வேறொருவரைச் சுட்ட, செக்கைச் சுற்றும் எருதுபோல் ஊரைச் சுற்றிச் சலித்த ஹேமாவதி, அந்தத் தானி தன் அக்காள் கணவன் ராஜவேலுவினது என்றறிந்தபோது கொதித்தே போய், வகுப்பு வாயிலருகே வந்த அவன் வண்டியை மறித்தாள்.

"பாவா, உன் வண்டியில எழுதினுகிறியே, அது யார் சொன்னது?"

"எனக்கு எப்படித் தெரியும்? போன வருசம் ஆடிக் கிருத்திகைக்கு மறுநாள் உன்ன இட்டாந்து விட்டேன்ல, அன்னிக்கு உங்க பலகையில பார்த்து எழுதிக்கினேன். நீ இங்க படிக்கிறியா, பலகைக்கு முதுக காட்டிக்கினு தூங்கிறியா?"

நாளொரு மாணாக்கர் ஆங்கில வாசகம் ஒன்றைத் தேடிவந்து, சொன்னவர் பெயரோடு கரும்பலகையில் எழுதுவது அவ்வகுப்பின் வழக்கம். அன்று எவர் முறை? நான்கு கை மாறி மெருகேறிய அம்மொழியை ஈன்றவர் எவரென, பையிலிருந்த பழைய நாட்குறிப்பில் அந்நாளைப் புரட்டினாள் ஹேமாவதி.

'இன்று என் முறை. வாசகம் ஒன்றும் கிடைக்கவில்லை. படியேறுகையில் தோன்றியதை ஆங்கிலமாக்கினேன். என் பெயர் போட்டால் சிரிப்பார்கள் என்று "ஓர் ஆங்கில அறிஞர்" எனப் போட்டேன். பிழை இருக்குமோ?'

ஆறு நாளாய் அவள் மனத்துக்குள் ஏசிய பொய்யர் அவளே! எவர்மீது சினப்பதென்று அறியாமல் நாட்குறிப்பை ஆசிரியரிடம் நீட்டினாள். அவர் இருமுறை படித்தார்; கண்ணாடியைக் கழற்றிக் கல்லை நோக்கினார்.

"நீ எழுதினதாம்மா? ஆறு நாளா நல்லா இருந்துது. இப்ப பார்த்தா சுமாராத்தான் இருக்குது. சரி, கல்லு வெட்டியாச்சு. ஏதாவது பெரிய பேரா போட்டுடலாம்."

ஓராண்டு முழுதும் தன்னை ஐயுற்றே வாழ்ந்தவளுக்கு, பிறர் ஐயுறக் கேட்டபோது பொறுக்கவில்லை.

"பொய்ப் பேரு ஒன்னு நான் போட்டதே போதுங்க ஐயா. கல்லுல இன்னொன்னு வேணாம்." சிற்பியிடம் திரும்பினாள். "ஹேமாவதின்னு போடுங்க. பொதட்டூர்பேட்டைன்னும் போடுங்க."

சிற்பி ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் நாட்குறிப்பை மீண்டும் ஒருமுறை பார்த்து, பெருமூச்செறிந்து தலையசைத்தார். உளி ஒலித்தது.

பெயர் முடிந்து ஊர் தொடங்குமுன் ராஜவேலுவின் தானி அவ்வழியே திரும்பியது. "அடிப் பாவி! பெரியவங்க சொன்னதுக்குக் கீழ உன் பேரா? வெக்கமா இல்ல?" என்று கூவிச் சென்றான் அவன்; வண்டியின் முதுகில் 'ஓர் ஆங்கில அறிஞர்' மங்காமல் ஒளிர்ந்தார்.

தன் சொல்லுக்குத் தன் பெயரிட ஒருநாள் கூசியவர், பின் அதனை ஊராரிடமிருந்து மீட்க நெடுநாள் அலைவர். ஏறாது விட்டது ஒரே படியாயினும், அது மலையினும் உயரம்.