சிவந்த கன்னங்கள்

குழந்தையின் வயிற்றில் நீர், இதயத்தைச் சுற்றியும் நீர். ஸ்கேன் திரையில் பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. டாக்டராகி இருபது வருஷமாகியும் பயந்தால் கோபப்படும் அந்தக் குணம் போகவில்லை. தாயின் வயிற்றிலிருப்பது ஐந்தரை மாதச் சிசு. அதன் மூளைக்கு ரத்தம் தலைதெறிக்க ஓடியது. ரத்தம் நீர்த்துப்போனால்தான் அப்படி ஓடும். ரத்தசோகைதான், எதனால் என்பதுதான் பிடிபடவில்லை.

"பிறவிக் கோளாறாக இருக்கலாம், கலைத்துவிடுவது நல்லது" என்று வேறொரு ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த தாள், அவள் கணவன் கையில் நான்காக மடிந்திருந்தது. நான் காரணம் கண்டுபிடிக்காவிட்டால் நாளை கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

"உங்க ரத்த வகையால பிரச்சினை இல்ல. வீட்ல யாருக்காவது காய்ச்சல், தடிப்பு வந்துச்சா?"

"இல்ல டாக்டர்." மூன்றாவது முறையும் அதே பதில்.

"மூத்த பொண்ண யார் பாத்துக்கறாங்க?"

"என் தங்கச்சிதான் பாத்துக்குவா," என்றான் கணவன். "இப்ப வர்றதில்ல. அது குடும்ப விஷயம்."

"உங்க குடும்பம் இப்ப இந்தத் திரையிலதான் இருக்கு. சொல்லுங்க!" என்று எரிந்து விழுந்தேன்.

மனைவி வெடித்தாள். "எம்பொண்ண அறைஞ்சுட்டா டாக்டர். ரெண்டு கன்னமும் செக்கச்செவேல்னு இருந்துச்சு. அடிக்கவே இல்லன்னு அழுதா. வாசப்படி மிதிக்காதேன்னுட்டேன்."

என் கை நின்றது.

"ரெண்டு கன்னமும் ஒரே மாதிரியா? எப்போ?"

"அஞ்சு வாரம் இருக்கும்."

"அப்புறம் கை, காலெல்லாம்?"

"செவப்பா கோலம் போட்ட மாதிரி... வேர்க்குருன்னு விட்டுட்டோம்."

"உங்களுக்கு?"

"விரல் மூட்டெல்லாம் வலி. வேலை ஜாஸ்தின்னு நெனச்சேன்."

யாரும் அறையவில்லை. அது ஒரு வைரஸ். பிள்ளைகளின் கன்னத்தைச் சிவக்க வைத்துவிட்டுப் போய்விடும், பெரியவர்களுக்கு மூட்டு வலியோடு சரி. தாய் வழியாகக் கருவுக்குள் போனால் ரத்தம் ஊறவிடாது. மாலையே பரிசோதனை அதை உறுதிசெய்தது.

மறுநாள் காலை தொப்புள்கொடியில் ஊசி போட்டு ரத்தம் ஏற்றினோம். ஊசி முனை ரத்தக்குழாய்க்குள் இறங்கும்வரை எனக்கு உயிரே இல்லை. நடுவில் சிசுவின் இதயத் துடிப்பு தடுமாறி, பிறகு மெல்லச் சீரானது.

"பொழைச்சுக்குமா டாக்டர்?"

"இப்பவே சொல்ல முடியாது. ஆனா வழி இருக்கு."

அவள் கணவனின் போனை வாங்கி நாத்தனாரை அழைத்தாள். எடுத்ததுமே மறுமுனையில் பதறிய குரல் எனக்கே கேட்டது. "அண்ணே, கொழந்தைக்கு எப்படி இருக்கு?"

அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நீ அடிக்கலடி," என்றாள்.